பசித்தவருக்குத் தெரிவு உண்டா?

சாம்பியா மறுத்த சோளம் எமக்குச் சொல்வது என்ன?

மாரி விதைப்புக்குச் சற்று முன்னர், மட்டக்களப்பு படுவான்கரையில் எமது சிறுகுழுவொன்றின் மாதாந்தக் கூட்டம் நடைபெற்றது. சேமிப்புக் கணக்கைப் பார்த்து முடித்துக் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், குழுவின் மூத்த அங்கத்தவரான அம்மா ஒருவர் தனது பையிலிருந்து ஒரு விதைப் பைக்கற்றை எடுத்து என் முன்னே வைத்தார்.

“பிள்ள, இந்தச் சோளன் விதை ஊசி போட்டதாம். இதத் திண்டா புள்ளப்பேறு இல்லாமப் போகுமாம் எண்டு ஆக்கள் கதைக்கிறாங்க. மெய்யா?”

பைக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன். அது கடையில் வழமையாக விற்கப்படும் கலப்பினச் சோள விதை. “இது ஊசி போட்டதுமில்லை, நீங்கள் கேள்விப்பட்ட மரபணு மாற்றின விதையுமில்லை அம்மா” என்று சொன்னேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆனால், பக்கத்தில் இருந்த மற்றொரு பெண் விடவில்லை. 2007 இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர் அவர்.

“முகாமில இருக்கக்குள்ள அரிசியும் மாவும் பருப்பும் தந்தாங்க. அது எங்க விளைஞ்ச, என்ன விதையில விளைஞ்ச எண்டு ஆரும் கேட்டமா? பசிச்சவளுக்கு என்ன கேள்வி கிடக்கு?”

அதற்கு என்னிடம் உடனடியான பதில் இருக்கவில்லை. வீடு வந்த பின்னரும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பசித்தவருக்குத் தெரிவு உண்டா? தருவதை வாங்கி உண்பது மட்டுந்தானா அவரது உரிமை? இந்தக் கேள்வியை ஒரு நாடே உலகத்தின் முன் எழுப்ப நேர்ந்தது. அந்த நாடு ஆபிரிக்காவின் தென்பகுதியிலுள்ள சாம்பியா. ஆண்டு 2002.

கலப்பினம் வேறு, மரபணு மாற்றம் வேறு

சாம்பியாவின் கதைக்குள் செல்லுமுன், எம்மிடையே நிலவும் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது.

நல்ல கதிரைத் தெரிந்தெடுத்து அடுத்த போகத்துக்கு விதையாக வைப்பது எமது பாட்டிமார் காலங்காலமாகச் செய்து வந்த வேலை. அதுவே பயிர் மேம்பாட்டின் முதற்படியாகும். வெவ்வேறு குணங்களுடைய இரண்டு சோள வழிகளை ஒன்றுடனொன்று மகரந்தச் சேர்க்கை செய்து பெறுவது கலப்பின விதை. முதற்போகத்தில் இது நன்றாக விளையும். ஆனால், அந்த விளைச்சலிலிருந்து விதை எடுத்து மீண்டும் விதைத்தால் அதே பலன் கிடைப்பதில்லை. ஆதலால், ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்குப் போக வேண்டியுள்ளது. இன்று எமது சேனைகளில் விதைக்கப்படும் சோளத்தில் பெரும்பகுதி, இறக்குமதி செய்யப்பட்ட இவ்வாறான கலப்பின விதையே.

மரபணு மாற்றப்பட்ட விதை இதிலிருந்து வேறுபட்டது. ஓர் உயிரியின் குணத்தைத் தீர்மானிக்கும் மரபணுவை ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்து மற்றோர் உயிரியினுள் புகுத்துகின்றனர். உதாரணமாக, மண்ணில் இயற்கையாக வாழும் ஒருவகைப் பக்றீரியா, சில புழுக்களின் குடலைச் சிதைக்கும் புரதமொன்றைச் சுரக்கிறது. அந்த மரபணுவைச் சோளத்தினுள் புகுத்தினால், சோளச்செடியே அந்தப் புரதத்தைத் தயாரித்துக்கொள்ளும். தண்டு துளைக்கும் புழு அதைத் தின்றால் இறந்துவிடும். இதனையே பீ.ரீ. சோளம் என்பர். களைநாசினி தெளித்தாலும் பயிர் கருகாமல் களை மட்டும் கருகும்படி மாற்றப்பட்ட வகைகளும் உண்டு.

இப்பயிர்கள் 1996 முதல் பெருமளவில் பயிரிடப்பட்டு வருகின்றன. 2019 ஆம் ஆண்டளவில் 29 நாடுகளில் ஏறத்தாழ 19 கோடி ஹெக்டேயர் நிலத்தில் இவை பயிரிடப்பட்டிருந்தன. சோயா, சோளம், பருத்தி, கனோலா எனும் எண்ணெய்ப்பயிர் ஆகிய நான்குமே இதில் பெரும்பங்கு.

இவற்றை உண்பதால் பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் என்பதற்குச் சான்று கிடையாது. சர்வதேசச் சந்தையிலுள்ள மரபணு மாற்றப்பட்ட உணவுகள் பாதுகாப்புச் சோதனைகளைக் கடந்தவை என்றும், அவற்றை உண்ட மக்களிடம் பாதிப்புகள் காணப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகம் 2016 இல் வெளியிட்ட விரிவான அறிக்கையும் இதே முடிவுக்கே வந்தது. அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. இப்பயிர்கள் வந்ததனால் அந்நாட்டின் விளைச்சல் முன்னைய காலத்தை விட வேகமாக உயர்ந்தது என்பதற்கும் தெளிவான சான்று இல்லை என்பதே அது. முதலாவது கூற்றை ஆதரவாளர்களும் இரண்டாவதை எதிர்ப்பாளர்களும் எடுத்துக்கொள்கின்றனர். நாம் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பட்டினியின் நடுவே ஒரு மறுப்பு

2001 – 2002 பருவத்தில் தென் ஆபிரிக்கப் பிராந்தியமெங்கும் மழை பொய்த்தது. சாம்பியா, சிம்பாப்வே, மலாவி, மொசாம்பிக், லெசோத்தோ, சுவாசிலாந்து ஆகிய ஆறு நாடுகளில் ஒரு கோடியே 30 இலட்சம் பேருக்கு மேல் உணவு நெருக்கடிக்கு உள்ளாயினர். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழ்ந்த சாம்பியாவில் மாத்திரம் 24 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு உணவுதவி தேவைப்பட்டது.

சாம்பியர்களுக்குச் சோளம், எமக்குச் சோறு போன்றது. வெள்ளைச் சோள மாவைக் கொதிநீரிலிட்டுக் களியாகக் கிண்டி எடுக்கும் ‘ன்சிமா’ இல்லாத சாப்பாடு அங்கே சாப்பாடு ஆகாது. கீரையோ அவரையோ சிறு கருவாடோ அதற்குத் தொட்டுக்கொள்ளக் கறி. சோளம் பொய்த்தால் அடுப்பு அணைந்தது என்றே பொருள்.

உலக உணவுத் திட்டத்தினூடாக உதவ முன்வந்த நாடுகளில் முதன்மையானது ஐக்கிய அமெரிக்கா. அது பணமாகவன்றிப் பெரும்பாலும் தனது நாட்டில் விளைந்த தானியமாகவே உதவி வழங்கியது. அமெரிக்காவில் மரபணு மாற்றப்பட்ட சோளமும் சாதாரண சோளமும் பிரிக்கப்படாமல் ஒன்றாகவே களஞ்சியப்படுத்தப்படுகின்றன. ஆகவே, கப்பலில் வந்த தானியத்தில் இரண்டும் கலந்திருந்தன.

2002 ஓகஸ்டில் சாம்பிய ஜனாதிபதி லெவி முவனவாசா அதனை ஏற்க மறுத்தார். மக்கள் பசித்திருக்கிறார்கள் என்பதற்காக அவர்களுக்கு நஞ்சைக் கொடுக்க முடியாது என்ற கருத்துப்பட அவர் பேசியது உலகச் செய்தியாயிற்று. பின்னர் சாம்பிய விஞ்ஞானிகள் குழுவொன்று தென்னாபிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்று விசாரித்துத் திரும்பியது. அக்குழுவின் அறிக்கையின் பின், ஒக்டோபர் இறுதியில் அரசாங்கம் தனது மறுப்பை உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே நாட்டினுள் வந்து சேர்ந்திருந்த சோளத்தையும் வெளியே எடுத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

அயல்நாடுகள் வேறு வழியைத் தெரிவு செய்தன. மலாவி, மொசாம்பிக், சிம்பாப்வே ஆகியன சோளத்தை மணியாக அன்றி மாவாக அரைத்துத் தருமாறு கேட்டன. மாவை விதைக்க முடியாது அல்லவா? சாம்பியாவோ மாவையும் வேண்டாமென்றது.

ஏன் மறுத்தார்கள்?

தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். சாம்பியா கூறிய காரணங்களை ஆராயுமிடத்து அதில் நியாயமும் அச்சமும் கலந்திருந்ததைக் காணலாம்.

முதலாவது காரணம் உடல்நலம். அமெரிக்கர்கள் அதே சோளத்தை உண்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லையே என்று சொல்லப்பட்டது. ஆனால், அங்கே சோளத்தின் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகவும், பதப்படுத்திய உணவுகளின் ஒரு சிறு கூறாகவுமே பயன்படுகின்றது. சாம்பியர்களோ அதையே நாள்தோறும் பிரதான உணவாக உண்பவர்கள். தமது மக்களுக்கான சோதனையைத் தாமே செய்து பார்க்கும் ஆய்வுகூட வசதி அன்று அவர்களிடம் இருக்கவில்லை.

இரண்டாவது காரணம் விதை. உதவியாகக் கிடைக்கும் சோள மணியில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்து, மழை வந்ததும் விதைப்பது எந்த விவசாயக் குடும்பமும் செய்யக்கூடியதே. சோளம் காற்றினால் மகரந்தச் சேர்க்கை நடைபெறும் பயிர். ஒரு காணியில் விதைத்தது அயற்காணியின் கதிரிலும் கலக்கும். ஒருமுறை கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

மூன்றாவது காரணம் சந்தை. அக்காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் புதிய மரபணு மாற்றப் பயிர்களுக்கு அனுமதி வழங்குவதை 1998 முதல் நிறுத்தி வைத்திருந்தது. எமது பயிரும் மாசுபட்டால் ஐரோப்பா எம்மிடம் வாங்குமா என்ற பயம் சாம்பியாவின் ஏற்றுமதியாளருக்கு இருந்தது.

பெரியவர்களின் சண்டை

இந்த மூன்றாவது காரணத்தின் பின்னால் ஒரு பெரிய வர்த்தகப் போட்டி இருந்தது. அமெரிக்கா தனது தானியத்துக்குச் சந்தை தேடியது. ஐரோப்பா தனது கதவை மூடி வைத்திருந்தது. 2002 இல் ஜொகன்னஸ்பேர்க்கில் நடைபெற்ற நிலைபேறான அபிவிருத்திக்கான உலக மாநாட்டில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் இவ்விடயத்தைப் பேசியபோது கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2003 மே மாதம் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராக உலக வர்த்தக நிறுவனத்தில் முறையிட்டது. ஆபிரிக்கப் பட்டினியை ஒழிக்கும் முயற்சிக்கு ஐரோப்பாவே தடையாக நிற்கிறது என ஜனாதிபதி புஷ் அதே மாதம் குற்றஞ்சாட்டினார்.

யானைகள் மோதினால் புல்தான் நசுங்கும் என்பது ஆபிரிக்கப் பழமொழி. இங்கே புல்லாக இருந்தவர்கள் யார்?

சாம்பியாவின் தென்மாகாணக் கிராமங்களிலே காட்டுப் பழங்களையும் கிழங்குகளையும் தேடி அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் பெண்கள். அக்காலத்தில் அந்நாட்டின் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. உழைக்கும் வயதினர் இறந்துபோக, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மம்மாமார் தனித்துக் குடும்பம் நடத்தினர். நோயாளியைப் பராமரிப்பதும், தண்ணீர் சுமப்பதும், களை பிடுங்குவதும், மா இடிப்பதும் அவர்களது வேலை. பஞ்சம் வந்தபோது கடைசியாகச் சாப்பிட்டவர்களும் அவர்களே. இது எமக்கும் புதிதல்ல. முகாமில் இருந்த எந்தத் தாயிடமும் கேட்டுப் பாருங்கள்.

தலைநகர் லுசாக்காவில் கருத்தரங்கு நடந்தது. விஞ்ஞானிகள் பேசினர், அமைச்சர்கள் பேசினர், அமைப்புகள் பேசின. வெளிநாட்டுத் தூதுவர்களும் பேசினர். தருபவரும் மறுப்பவரும் ‘பசித்த மக்களின் பெயரால்’ என்றே பேசினர். ஆனால், அடுப்படியில் நின்ற அந்த அம்மம்மாவிடம் ‘இதுதான் இந்தத் தானியம், இதன் நன்மை இது, சந்தேகம் இது, மாவாக வந்தால் எடுத்துக்கொள்வீர்களா?’ என்று நேரே சென்று கேட்பதற்கு யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. ‘நஞ்சு’ என்ற ஒரு சொல் மாத்திரம் அவரைச் சென்றடைந்தது. அச்சொல் பயத்தைத் தருமேயன்றி விளக்கத்தைத் தராது.

உணவு இருந்தும் பசி

அந்த மறுப்பினால் இலட்சக்கணக்கானோர் மடிவர் என்று பலர் எதிர்வுகூறினர். அந்தளவிலான அழிவு நிகழவில்லை. உலக உணவுத் திட்டமும் ஏனைய அமைப்புகளும் பிராந்தியத்திலும் வெளியிலும் மரபணு மாற்றப்படாத தானியத்தைத் தேடி வாங்கிக் கொடுத்தன. 2003 இல் மழை நன்றாகப் பெய்தது. சோள விளைச்சல் முன்னைய ஆண்டைப் போல ஏறத்தாழ இரு மடங்காகியது. ஆயினும், தேடி வாங்கி வந்து சேரும்வரை பசித்திருந்த மாதங்களை யாரும் கணக்கிலிருந்து அழித்துவிட முடியாது. அந்த மாதங்களுக்கு மறுத்தவர்களும் பொறுப்பு. வேறு வழி தராதவர்களும் பொறுப்பு.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மையொன்றுண்டு. தெற்கில் சோளம் கருகிக் கிடந்த அதே வேளையில் நாட்டின் வடபகுதியில் மரவள்ளி விளைந்திருந்தது. அதைத் தெற்கிற்குக் கொண்டுவர வீதியில்லை, வாகனமில்லை, வாங்கப் பணமில்லை. பஞ்சம் என்பது உணவு இல்லாமையால் மட்டும் வருவதல்ல, உணவைப் பெறும் வழி மக்களுக்கு இல்லாமற் போவதாலும் வருவது என்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981 இலேயே எழுதினார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். நிவாரண வரிசைகளில் நின்ற பெண்களோடு வேலை செய்த பின்னர்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

சாம்பியா ஏன் சோளத்தையே முழுமையாக நம்பியிருந்தது? முன்னொரு காலத்தில் அம்மக்கள் இறுங்கையும் தினை வகைகளையும் பயிரிட்டவர்கள். இவை வரட்சியைத் தாங்கக்கூடியவை. பிரித்தானியர் ஆட்சியில் செப்புச் சுரங்கங்கள் திறக்கப்பட்டபோது தொழிலாளருக்கு மலிவாக உணவளிக்கச் சோளம் ஊக்குவிக்கப்பட்டது. 1964 இல் சுதந்திரம் பெற்ற பின்னரும் அரசாங்கங்கள் சோளத்துக்கே மானியம் வழங்கின. பின்னர் 1990 களில், கடன் தந்தோரின் நிபந்தனைப்படி அந்த ஆதரவும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. பழைய தானியமும் போயிற்று, புதிய தானியத்துக்கான ஆதரவும் போயிற்று. அந்த வெறுமையில்தான் 2002 இன் வரட்சி வந்து விழுந்தது.

விதை யார் கையில்?

அப்படியானால், மரபணு மாற்றப்பட்ட விதை இந்தப் பெண்களுக்கு உதவாதா? உதவவே உதவாது என்று நான் சொல்லமாட்டேன். படைப்புழுவை எண்ணிப் பாருங்கள். 2016 இன் பிற்பகுதியில் சாம்பியாவின் சோளத் தோட்டங்களில் இறங்கிய இப்புழு, 2018 இல் எமது நாட்டுக்கும் வந்தது. நாம் ‘சேனா புழு’ என்றழைத்தது இதையேதான். அந்த மாரியில் குருத்துக்குள் சாம்பலும் மண்ணும் போட்டும், கையால் புழுப் பொறுக்கியும் களைத்த பெண்களை நான் அறிவேன். முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்தவர்களையும் அறிவேன். புழுவைத் தானே எதிர்க்கும் செடி ஒன்று இருக்கிறது என்றால் அவர்கள் ஆசைப்படுவது நியாயமே. மருந்தடிப்பது குறைந்தால் அவர்களது உடலுக்கும் நல்லதுதான்.

ஆனால், கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. தென்னாபிரிக்காவில் பீ.ரீ. சோளம் 1998 முதல் பயிரிடப்பட்டது. பத்தாண்டுகள் ஆகுமுன்னரே தண்டு துளைக்கும் புழு அதனை எதிர்த்து வாழப் பழகிக்கொண்டதை ஆய்வாளர் பதிவு செய்தனர். புழு பழகிக்கொள்ளாதிருக்க, காணியின் ஒரு பகுதியில் சாதாரண சோளத்தை விதைக்க வேண்டும் என்பது விதி. அரை ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் பெண்ணால் அதை எப்படிக் கடைப்பிடிக்க முடியும்? அந்த விதை காப்புரிமை பெற்றது, விலை கூடியது. அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பதும் ஒப்பந்தத்தால் தடுக்கப்பட்டிருக்கும். மழை பொய்த்தால் விதைக் காசு கடனாகவே தலையில் நிற்கும். புழுவை எதிர்க்கும் செடி வரட்சியை எதிர்ப்பதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இதற்கும் மேலான கேள்வி காணி பற்றியது. சாம்பியாவில் கணவன் இறந்ததும் அவரது உறவினர் வந்து சொத்துக்களை எடுத்துச் செல்லும் வழக்கம் பல விதவைகளை நடுத்தெருவில் விட்டது. அவர்களைப் பாதுகாக்க 1989 இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால், வழக்காற்றுச் சட்டத்தின் கீழுள்ள காணிக்கு அது பொருந்தவில்லை. கிராமத்துக் காணிகளோ பெரும்பாலும் அவ்வகையானவையே. அரசாங்கம் 2002 முதல் மானிய உரமும் கலப்பின விதையும் வழங்கும் திட்டமொன்றை நடத்தி வருகிறது. அதைப் பெறச் சங்கத்தில் அங்கத்துவமும் பங்களிப்புப் பணமும் வேண்டும். இரண்டும் இல்லாத ஏழை விதவை இதிலும் வெளியிலேதான் நிற்கிறாள். காணியும் கடனும் சந்தையும் கையில் இல்லாத பெண்ணுக்கு எந்த விதை வந்தாலும் அது மற்றவர் வீட்டு விதையே.

மீண்டும் வந்த வரட்சி

2002 இன் பின்னர் சாம்பியா சும்மா இருக்கவில்லை. 2007 இல் உயிரியற் பாதுகாப்புச் சட்டமொன்றை இயற்றியது. தனியான அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. 2018 இல் மரபணு மாற்றப்பட்ட பொருள் கலந்த சில பதப்படுத்திய உணவுகளை இறக்குமதி செய்ய அனுமதியும் வழங்கப்பட்டது. ‘நஞ்சு’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து, ஒவ்வொன்றாகச் சோதித்து முடிவெடுக்கும் நிலைக்கு அந்நாடு வந்தமை குறிப்பிடத்தக்கது.

2024 இல் மீண்டும் கடும் வரட்சி. பெப்ரவரி 29 ஆம் திகதி ஜனாதிபதி ஹக்கைண்டே ஹிச்சிலெமா தேசிய அனர்த்த நிலையைப் பிரகடனப்படுத்தினார். 116 மாவட்டங்களில் 84 பாதிக்கப்பட்டன. சோளம் விதைக்கப்பட்ட 22 இலட்சம் ஹெக்டேயரில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டேயர் அழிந்தது. பிராந்தியத்தில் கூடுதலாகச் சோளம் விளைவிப்பது தென்னாபிரிக்கா. அங்கே விளைவதில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது. சாம்பியாவோ இம்முறையும் மரபணு மாற்றப்படாத சோளத்தையே நாடி, அயல்நாடான தன்சானியாவுடன் 6 இலட்சத்து 50 ஆயிரம் தொன்னுக்கு உடன்பாடு செய்துகொண்டது. 2025 இல் மழை கைகொடுத்தது. 36 இலட்சம் தொன்னுக்கு மேல் விளைந்தது. எனினும், சோளத்தையே நம்பியிருக்கும் நிலை இன்னும் மாறவில்லை. அடுத்த வரட்சி எப்போது என்பதே கேள்வி.

நாம் எங்கே நிற்கிறோம்?

எமது நாட்டில் மரபணு மாற்றப்பட்ட பயிர் எதுவும் வர்த்தக ரீதியாகப் பயிரிடப்படுவதில்லை. ஆனால், உணவாக அவை வரக்கூடும். 2001 இல் அவ்வாறான உணவுகளின் இறக்குமதியைத் தடை செய்ய இலங்கை முற்பட்டது. வர்த்தக அழுத்தத்தின் மத்தியில் அத்தடை காலவரையின்றிப் பிற்போடப்பட்டது. பின்னர் 2007 ஜனவரி முதல், மரபணு மாற்றப்பட்ட உணவாயின் அனுமதி பெற்று, சுட்டுத்துண்டில் அதைக் குறிப்பிட வேண்டுமென்ற ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. எம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்? பைக்கற்றின் பின்புறத்தில் காலாவதித் திகதியைப் பார்க்கக்கூட நாம் இப்போதுதான் பழகி வருகிறோம்.

மேலிருந்து திடீரென வரும் முடிவு என்ன செய்யும் என்பதையும் நாம் அனுபவித்துவிட்டோம். 2021 இல் இரசாயன உரம் ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. நஞ்சற்ற உணவு என்ற நோக்கத்தை யார் மறுப்பார்? ஆனால், வயலில் நிற்பவரிடம் கேட்கவில்லை. மாற்றுப் பசளையை ஆயத்தம் செய்யவில்லை. நவம்பரில் தடை நீங்கியபோது காலம் கடந்திருந்தது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நாம் எத்தனை வேளைச் சாப்பாட்டைக் குறைத்தோம் என்பது எமது பானைகளுக்குத் தெரியும். நல்ல நோக்கத்தோடு ஒரு பொருளைத் திணிப்பதும், நல்ல நோக்கத்தோடு பறிப்பதும் கேட்காமல் செய்யப்பட்டால் ஒன்றுதான்.

ஆகவே, புதிய விதையோ புதிய உணவோ எமது கிராமத்துக்கு வரும்போது, பயந்து ஓடவும் வேண்டாம், கண்ணை மூடி வாங்கவும் வேண்டாம். மாதர் சங்கங்களிலும் சிறுகுழுக்களிலும் இக்கேள்விகளைக் கலந்துரையாடலாம்:

1. இது என்ன விதை? நாட்டு விதையா, கலப்பினமா, மரபணு மாற்றப்பட்டதா? யார் அனுமதித்தது?

2. அடுத்த போகத்துக்கு இதில் விதை எடுக்கலாமா? இல்லையெனில் ஒவ்வொரு போகத்துக்கும் காசு எங்கிருந்து வரும்?

3. இதற்கு எவ்வளவு பசளை, எவ்வளவு மருந்து வேண்டும்? மருந்தடிப்பது யார்?

4. மழை பொய்த்தால் நட்டம் யாருடையது?

5. இதை மட்டும் விதைக்கிறோமா? குரக்கன், இறுங்கு, பயறு, கௌபி, மரவள்ளி என்பவற்றுக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறோமா?

6. காணி உறுதியிலோ அனுமதிப்பத்திரத்திலோ பெண்ணின் பெயர் இருக்கிறதா?

இக்கேள்விகளை விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திலும் கேட்கலாம். பதில் சொல்வது அவர்களது கடமை. கேட்பது எமது உரிமை.

அடுத்த மாதக் கூட்டத்தில் சாம்பியாவின் கதையைச் சொன்னேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். முகாமில் இருந்த அந்தப் பெண் கடைசியில் சொன்னார்: “அவங்க வேணாம் எண்டு சொல்லக்குள்ள ஒரு நாடா இருந்து சொன்னாங்க. நாங்க தனித்தனியா இருந்தா ஆரு கேப்பாங்க?”

விதைப் பைக்கற் கொண்டுவந்த அம்மா எழுந்து போய், ஒரு சாக்குத் துண்டில் சுற்றிய பொதியைக் கொண்டு வந்தார். அவருடைய அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த நாட்டுச் சோளன் பொத்திகள். சிறிய மணிகள், விளைச்சலும் குறைவுதான். இடம்பெயர்ந்து திரும்பிய பின்னர் தமக்கை வீட்டிலிருந்து ஒரு பொத்தி வாங்கி வந்து பெருக்கியதாகச் சொன்னார். ஆளுக்கொரு பொத்தி கொடுத்தார். “கடை விதையும் போடுங்க, வேணாம் எண்டு சொல்லல்ல. இதையும் ஒரு வரி போடுங்க. அடுத்த வருசம் நீங்க ரெண்டு பேருக்குக் குடுக்கணும்” என்றார்.

அன்றைய கூட்டக் குறிப்பேட்டில், சேமிப்புக் கணக்கின் கீழே, யார் யாருக்கு எத்தனை பொத்தி என்றும் எழுதி வைத்தோம்.